பல வருட கேஸ்ட்ரிக்கா? கிருமிச் சோதனையும் 14 நாள் மருந்தும்

மேல்வயிற்றில் எரிச்சல், சாப்பிட்டவுடன் உப்புசம், நடுராத்திரியில் ஆளை எழுப்பிவிடும் வலி. இதெல்லாம் வருடக்கணக்கில் இருந்தும், "எனக்குக் கேஸ்ட்ரிக், அது அப்படித்தான்" என்று ஈனோ பாக்கெட்டையும் கேவிஸ்கானையும் கைப்பையில் போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தத் தொந்தரவுக்குப் பின்னால் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமி இருக்கக்கூடும். மலேசியாவில், பினாங்கில் ஒரு மருத்துவமனையின் ஸ்கோப் பிரிவில் (வாய் வழியே கேமராக் குழாயை விட்டு இரைப்பையைப் பார்க்கும் இடம்) தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருந்து எழுதிக் கொடுப்பது டாக்டர் வேலை. ஆனால் சோதனைக்கு எப்படித் தயாராக வேண்டும், மருந்தை எப்படி முடிக்க வேண்டும், எதை விட்டுவிட்டால் பட்ட பாடெல்லாம் வீணாகும் என்பதை ஸ்கோப் ரூம் வாசலில் நின்று நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், இது வயிறுதானா?

மலேசிய இந்தியர்களான நம் ஆட்களுக்குச் சர்க்கரை அதிகம், இருதய நோயும் அதிகம். நெஞ்சுக்குழியில் அழுத்தம், கூடவே குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குதல், இடது கை அல்லது தாடை வரை பரவும் வலி என்றால் அதைக் கேஸ்ட்ரிக் என்று நினைத்து ஈனோ கரைத்துக் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 999-க்கு அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வெறும் நெஞ்செரிச்சல் போலவே வரக்கூடும். வயிறு என்று நினைத்து வந்து, இ.சி.ஜி. எடுத்ததும் நேராக இருதயப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, மூச்சுச் சோதனை, மருந்து என்று வரிசையில் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள். மலம் தார் மாதிரி கறுத்து, ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்துடன் போவது (இரும்புச்சத்து மாத்திரை எடுத்தாலும் மலம் கறுக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது). ரத்த வாந்தி, அல்லது காபித் தூள் கலந்தது போன்ற வாந்தி. காரணமில்லாமல் எடை இறங்குவது. சோறு தொண்டைக்குக் கீழே இறங்காமல் நிற்பது. ரத்தசோகை. நாற்பத்தைந்து, ஐம்பதுக்கு மேல் முதல்முறையாக இந்தத் தொந்தரவு தொடங்கினாலும், குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்தாலும் டாக்டர் நேரே ஸ்கோப்புக்கே அனுப்பக்கூடும். பயப்படாமல் போங்கள்.

இந்தக் கிருமியை யார் கண்டுபிடித்தார்கள், ஏன் அது உங்களுக்குத் தெரிய வேண்டும்

என் அப்பா நிபோங் தெபால் பக்கம் தோட்டத்தில் வேலை செய்தவர். எழுபதுகளில் அவருக்கு வயிற்றில் புண் வந்து ரத்தம் கொட்டி, ஆபரேஷன் செய்து இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். நெஞ்செலும்புக்குக் கீழே தொடங்கித் தொப்புள் வரைக்கும் தடிமனான ஒரு தழும்பு. இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள். காரம் சாப்பிட்டதால் வந்தது, கவலைப்பட்டதால் வந்தது என்றுதான் அப்போது எல்லோரும் சொன்னார்கள். டாக்டர்களும் அதைத்தான் சொன்னார்கள். அவர்கள் படித்த படிப்பும் அதுதான். அம்மா அதற்குப் பிறகு குழம்பில் மிளகாய் போடுவதையே விட்டுவிட்டார்.

மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் மருத்துவமனையில், ராபின் வாரன் என்ற நோயியல் டாக்டர் 1979-இல் இரைப்பைத் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது வளைந்த சிறு கிருமிகளைக் கண்டார். இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று உலகமே நம்பிய காலம். 1981-இல் பேரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவருடன் சேர்ந்தார். நோயாளிகளின் திசுவை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள், ஒன்றுகூட வளரவில்லை. இரண்டு நாளில் எதுவும் வளராவிட்டால் தட்டைக் குப்பையில் போட்டுவிடுவதுதான் ஆய்வுக்கூடத்தில் வழக்கம். 1982 ஈஸ்டர் நீண்ட விடுமுறையில் தட்டுகள் கூடுதல் நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருக்கிறது. அது மெதுவாக வளரும் கிருமி. அதுவரை யாரும் அதற்குரிய நேரத்தைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மற்ற டாக்டர்கள் நம்பவில்லை. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தும் பிடிக்கவில்லை. 1984-இல் மார்ஷல் முதலில் தன் வயிற்றை ஸ்கோப் பண்ணி, அது நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, ஒரு நோயாளியிடமிருந்து வளர்த்த கிருமியைக் கலக்கி அவரே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி. வாய் நாற்றத்தை வீட்டார் கவனித்துச் சொன்னார்கள். இரண்டாவது வாரத்தில் மறுபடி ஸ்கோப் பண்ணியபோது இரைப்பைச் சுவர் அழன்று போயிருந்தது. கிருமியும் அங்கே இருந்தது. பிறகு மருந்து சாப்பிட்டுக் குணமானார். ஒரு டாக்டர் தன் உடம்பையே சாட்சியாக வைத்தது பெரிய காரியம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1988-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு: கிருமியை ஒழித்தவர்களுக்குப் புண் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. அதுவரை மாத்திரை சாப்பிட்டால் ஆறும், நிறுத்தினால் திரும்பும். ஆயுள் முழுக்க இதே கதைதான். மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமிதான் ஹெலிகோபேக்டர் பைலோரி. 1994-இலேயே உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது.

மலேசியாவில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது ஒன்று உண்டு. மலாய்க்காரர்களிடம் இந்தக் கிருமி குறைவு. சீனர்களிடமும் இந்தியர்களிடமும் அதிகம். கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோ கீன் லீ இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். அங்கே மார்ஷல் பெயரிலேயே ஒரு ஆய்வு மையமும் இருக்கிறது. கிருமி பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. நெருக்கடியான வீடும் தண்ணீர்க் கஷ்டமும் அதற்கு வசதி. தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்து வளர்ந்த தலைமுறைக்கு இது இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிருமி உள்ள பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் வருவதில்லை என்பதும் உண்மை. ஆனால் தொந்தரவு இருக்கிறவர்கள் சோதித்துப் பார்க்காமல் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

காரம் புண்ணை உண்டாக்குவதில்லை. இருக்கிற எரிச்சலைக் கூட்டலாம், அவ்வளவே. புண்ணை உண்டாக்கும் இன்னொரு பெரிய காரணம் வலி மாத்திரை. முட்டி வலிக்கு வோல்டரன், மாதவிடாய்க்குப் பொன்ஸ்டன் என்று கணக்கில்லாமல் விழுங்குகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கடையில் வாங்கும் மூட்டுவலி மூலிகை மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதிவெண் இல்லாத சிலவற்றில் வலி மருந்தும் ஸ்டீராய்டும் கலந்திருந்து பிடிபட்டிருக்கின்றன.

என்ன கேட்க வேண்டும்

அரசாங்க கிளினிக்கானாலும் பக்கத்து ஜி.பி. (தனியார் கிளினிக் டாக்டர்) ஆனாலும், உள்ளே போய் "கேஸ்ட்ரிக் மருந்து வேணும்" என்று கேட்டால் மருந்துதான் கிடைக்கும். "டாக்டர், எத்தனையோ வருஷமா இருக்கு, ஹெலிகோபேக்டர் டெஸ்ட் பண்ணணுமா?" என்று கேளுங்கள். எவ்வளவு காலமாக, எப்போது வலிக்கிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் ஐந்து நிமிடத்தில் காரியம் நடக்கும்.

சோதனை நான்கு வகை. மூச்சுச் சோதனை, மலச் சோதனை, ஸ்கோப் பண்ணும்போது திசு எடுத்துப் பார்ப்பது, ரத்தச் சோதனை. முதல் மூன்றும் கிருமி இப்போது இருக்கிறதா என்று காட்டும். ரத்தச் சோதனை உடம்பு ஒரு காலத்தில் கிருமியைச் சந்தித்ததா என்பதைத்தான் காட்டும். மருந்து சாப்பிட்டு ஒழித்த பிறகும் அது பாசிட்டிவ் ஆகவே நீண்ட நாள் இருக்கும். ஆகவே ஹெல்த் ஸ்கிரீனிங் பேக்கேஜில் ரத்தத்தில் பாசிட்டிவ் வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், மூச்சோ மலமோ பார்க்கச் சொல்லுங்கள். எல்லாச் சோதனையும் எல்லா இடத்திலும் கிடைக்காது. போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

சோதனைக்கு முன்

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஓமெப்ரஸோல், பான்டொப்ரஸோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆன்டிபயாட்டிக்கும் பிஸ்மத் மருந்தும் சாப்பிட்டு நான்கு வாரமாவது கழிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி அடங்கிப் பதுங்கி, இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரும். பல் வலிக்கும் சளிக்கும் ஜி.பி. கொடுத்த ஆன்டிபயாட்டிக்கும் இதில் அடக்கம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: இருதயத்துக்கு ஆஸ்பிரின் அல்லது ரத்தம் நீர்க்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு வயிற்றைக் காப்பதற்காகவே ஓமெப்ரஸோல் கொடுத்திருப்பார்கள். அவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் எரிச்சல் தாங்காவிட்டால் கேவிஸ்கான் போன்றதைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் நாளுக்குக் காலை முதல் நேரத்தையே வாங்குங்கள். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, சிகரெட்டும் கூடாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர்கள் காலை டோஸை என்ன செய்வது என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்து காத்திருப்பு நாற்காலியிலேயே மயங்கியவர்கள் உண்டு. ஒரு டப்பாவில் சாப்பாடு எடுத்துப் போங்கள், முடிந்தவுடன் சாப்பிட.

மூச்சுச் சோதனையில் வலி ஒன்றும் இல்லை. முதலில் ஒரு பையிலோ குழாயிலோ ஊதச் சொல்வார்கள். மூச்சை இழுத்து, சில விநாடி அடக்கி, கடைசி மூச்சு வரை நிதானமாக ஊதுங்கள். நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றுதான் வேண்டும். பிறகு யூரியா கலந்த ஒரு திரவம் அல்லது மாத்திரை கொடுப்பார்கள். அரை மணி நேரம் போல அசையாமல் உட்கார்ந்திருந்து மறுபடி ஊத வேண்டும். கிருமி வயிற்றில் இருந்தால், அது அமிலத்திலிருந்து தப்பிக்க வைத்திருக்கும் யூரியேஸ் என்ற நொதி அந்த யூரியாவை உடைத்து அம்மோனியாவும் கரியமில வாயுவுமாக ஆக்கும். யூரியாவில் அடையாளமாக வைத்த கார்பன் ரத்தத்தில் ஏறி மூச்சில் வந்துவிடும். கார்பன்-13 என்றால் கதிர்வீச்சே கிடையாது. கார்பன்-14 என்றால் மிக மிகச் சிறிய அளவு உண்டு; கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஸ்கோப் ரூமில் நாங்கள் பார்ப்பதும் இதே நொதியைத்தான். டாக்டர் கிள்ளி எடுக்கும் திசு அரை அரிசி அளவுகூட இருக்காது. அதை ஊசி நுனியால் மஞ்சள் நிற ஜெல்லுக்குள் அழுத்தி, மூடி ஒட்டி, பெயரும் நேரமும் எழுதி வைப்பேன். கிருமி இருந்தால் திசுவைச் சுற்றி முதலில் ஒரு ரோஜா நிற வளையம் கிளம்பும். பிறகு ஜெல் முழுக்கச் சிவந்துவிடும். சிலருடையது அவர்கள் மயக்கம் தெளிந்து மைலோ குடித்து முடிப்பதற்குள் மாறிவிடும். அந்த ஜெல் சோதனையை உருவாக்கியவரும் மார்ஷல்தான்.

14 நாள்

பாசிட்டிவ் என்றால் வழக்கமாகக் கொடுப்பது: அமிலம் குறைக்கும் மாத்திரை ஒன்று, அமொக்ஸிசிலின், கிளாரித்ரோமைசின், எல்லாமே காலையும் மாலையும், 14 நாள். சிலருக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையுடன் பிஸ்மத், மெட்ரோனிடஸோல், டெட்ராசைக்ளின் சேர்ந்த நான்கு மருந்துக் கூட்டு கொடுப்பார்கள். மருந்துக் கவுண்டரை விட்டு நகருமுன் நான்கு விஷயம் பேசி முடித்துவிடுங்கள்.

பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் சொல்லுங்கள். அமொக்ஸிசிலின் அந்த இனம். வீட்டிலுள்ள மற்ற மருந்துப் பைகள் அனைத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். கிளாரித்ரோமைசினும் கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினும் சேரக் கூடாது, தசை கெட்டுப் போகும். அந்த இரண்டு வாரத்துக்குச் சிம்வாஸ்டாட்டினை நிறுத்தச் சொல்வார்கள். சில சர்க்கரை மாத்திரையுடன் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் அதிகம் நீர்த்துவிடும். கௌட்டுக்குக் கோல்சிசின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், அது உயிர் விஷயம். மூன்றாவது, காப்ஸ்யூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், அது விலங்கிலிருந்து எடுப்பது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விரதம் இருக்கிறவர்கள் பாதியில் அது தெரிந்து மருந்தையே விட்டுவிடுவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். மாற்று வடிவம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். ஒருவேளை மட்டும் சாப்பிடும் விரதமென்றால், அவசரம் இல்லாத பட்சத்தில் தண்ணீர்மலைக் கோயில் ஏறி இறங்கிய பிறகு மருந்தைத் தொடங்கலாமா என்று டாக்டரிடம் பேசுங்கள். நான்காவது, மெட்ரோனிடஸோல் இருந்தால் மது அறவே கூடாது. கல்யாண விருந்து இருந்தால் தேதியைப் பார்த்துத் தொடங்குங்கள்.

ஓமெப்ரஸோல் பையில் மலாய் மொழியில் 'செபெலும் மாக்கான்' (சாப்பாட்டுக்கு முன்) என்று இருக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு அதைப் போட்டால்தான் முழு வேலை செய்யும். ஆன்டிபயாட்டிக் சாப்பாட்டுக்குப் பிறகு. பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஷிப்ட் மாறும் காலை ஏழு, மாலை ஏழையே மருந்து நேரமாக வையுங்கள். பகல் ஷிப்ட் இரவு ஷிப்ட் ஆனாலும் கடிகாரம் மாறாது. டெட்ராசைக்ளின் கொடுத்திருந்தால் பாலுடன் சேரக் கூடாது; தே தாரிக் (பால் டீ) இரண்டு மணி நேரம் தள்ளித்தான்.

மூன்றாம் நாள் வாக்கில் வாயில் இரும்பைச் சப்பியது போலக் கசப்பு வரும். கிளாரித்ரோமைசினின் வேலை அது. மருந்து முடிந்ததும் போய்விடும். புளிப்பு மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். பிஸ்மத் சாப்பிட்டால் நாக்கும் மலமும் கறுக்கும், பதறாதீர்கள். வயிறு கொஞ்சம் இளகும், தயிர் சேர்த்துக்கொள்ளலாம் (டெட்ராசைக்ளின் சாப்பிடுகிறவர்கள் அதையும் தள்ளித்தான்). ஆனால் உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சுத் திணறல், ரத்தத்துடன் பேதி என்றால் மருந்தை நிறுத்திவிட்டு நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

ஆறாம் ஏழாம் நாளில் வலி போய்விடும். அதுதான் ஆபத்தான இடம். "சரியாப் போச்சு மிஸ்ஸி (தாதியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), மிச்சத்தை அடுத்த தடவைக்கு வச்சிருக்கேன்" என்று சொன்ன அண்ணன்கள் எத்தனையோ பேர். வலி போனது அமிலம் குறைந்ததால். கிருமி இன்னும் உள்ளே இருக்கிறது. அரைகுறை மருந்தில் பிழைத்த கிருமிக்குக் கிளாரித்ரோமைசின் இனி வேலை செய்யாமல் போகலாம். பையில் 'ஹாபிஸ்கான்' (முழுதும் முடிக்கவும்) என்று அச்சடித்திருப்பது இதற்காகத்தான். கணவர் மறப்பவர் என்றால் மனைவி காலண்டரில் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று கோடு போடட்டும்.

முடிந்த பிறகு

மறு சோதனையை யாரும் கேட்டு வாங்குவதில்லை. வலி இல்லை என்பதால் கிருமி இல்லை என்று ஆகாது. ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது நான்கு வாரம், ஓமெப்ரஸோல் நிறுத்தி இரண்டு வாரம் கழித்து மூச்சு அல்லது மலச் சோதனை செய்ய வேண்டும். மருந்து வாங்கும் அன்றே அதற்கும் தேதி வாங்கிவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்றால் அது நடக்காது. ரத்தச் சோதனை இதற்கு உதவாது.

நெகட்டிவ் என்றால் முடிந்தது. பெரியவர்களுக்கு மறுபடி தொற்றுவது அபூர்வம். வீட்டில் மற்றவர்களுக்கும் இதே தொந்தரவு இருந்தாலோ, இரைப்பைப் புற்றுநோய் வந்த குடும்பமாக இருந்தாலோ அவர்களையும் சோதிக்கக் கேளுங்கள். குழந்தைக்குச் சோற்றை மென்று ஊட்டும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

இன்னும் பாசிட்டிவ் என்றால் மனம் தளர வேண்டாம், இரண்டாவது சுற்றில் பலருக்கும் போய்விடுகிறது. ஆனால் முதலில் சாப்பிட்ட கிளாரித்ரோமைசினையே திரும்பக் கொடுப்பதில் பலன் குறைவு. டாக்டர் வேறு கூட்டுக்கு மாற்றுவார். அதற்கு முதல் சுற்றில் என்னென்ன மருந்து, எத்தனை நாள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். கிளினிக் மாறினால் அந்த விவரம் கூடவே வராது. ஆகவே மருந்து வாங்கிய அன்றைக்கே ஒவ்வொரு பையின் லேபிளையும் கைப்பேசியில் படம் எடுத்து, தொடங்கிய தேதியையும் முடித்த தேதியையும் குறித்து, வாட்ஸப்பில் மகனுக்கோ மகளுக்கோ ஒரு நகல் அனுப்பி வையுங்கள்.